மூன்றாவது கேட்

இதை நம்புங்கள் என்று யார் கையையும் பிடித்து இழுக்கப் போவதில்லை. கதை கட்ட எனக்கு நேரமும் கிடையாது, அந்த அளவுக்குக் கற்பனையும் கிடையாது. நான் விமான நிலையத்துத் தீயணைப்பு வீரன். என் காதால் கேட்டதையும் என் கையால் தொட்டதையும் மட்டும் சொல்கிறேன். என்னோடு இருந்த டிரைவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். சந்தேகம் இருந்தால் அவனைக் கேளுங்கள், ஆனால் இருட்டியபிறகு கேட்காதீர்கள். பதில் சொல்ல மாட்டான்.

முதலில் எங்கள் விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சின்ன ஊர், அதற்கேற்ற சின்ன விமான நிலையம். ஒரு ரன்வே, பஸ் ஸ்டாண்ட் அளவுக்கு ஒரு கட்டடம், விமானங்களுக்கு வழிகாட்ட ஒரு டவர், இரண்டு கேட். ஒரு கேட் பயணிகளுக்கு, இன்னொன்று எங்களைப் போன்றவர்களுக்கு. ஒரு நாளில் நான்கு விமானம் வந்தால் அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியாது. இதை மூடிவிட்டு, அரை மணி நேர தூரத்தில் பெரிதாக ஒன்று கட்டப் போகிறோம் என்று அடிக்கல் நாட்டியபோது என் மகள் என் மனைவியின் வயிற்றில் இருந்தாள். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். புது விமான நிலையம் இன்னும் சுவர் மட்டத்தில்தான் நிற்கிறது.

கட்டாததுகூடப் பரவாயில்லை. அதைக் காட்டிக் காட்டியே எங்களை வதைத்தார்கள். அறைக்கூரை ஒழுகுகிறது என்றால், "அதான் புதுசு வரப்போகுதே!" பூட்ஸில் ஓட்டை என்றால், "புதுசு வரப்போகுதே!" எங்கள் தீயணைப்பு வண்டிக்கு நாங்கள் வைத்த பெயர் கிழவி. மேடு ஏறினால் மூச்சு வாங்குவாள். ஏணியில் இரண்டு படி கிடையாது. ஒரு நாள் பளபளவென்று புது வண்டி வந்து இறங்கியது. ஆசையாகத் தொட்டுப் பார்த்தோம். மறுநாளே அதைப் புது இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அது புது விமான நிலையத்தின் வண்டியாம். அங்கே விமானமும் இல்லை, ரன்வேயும் இல்லை. சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவலாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

"அத்தைக்கு மீசை முளைக்கட்டும்டா, சித்தப்பான்னு கூப்பிடலாம்" என்பான் என் டிரைவர். அவனை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். காலி ரன்வேயில்கூட ஹாரன் அடித்துக்கொண்டே போகிற ஆள் அவன்.

இனி அந்த சிவப்பு போன்.

எங்கள் அறையில் ஒரு சிவப்பு போன் இருக்கிறது. அதில் எண்கள் கிடையாது. ஒரே ஒரு கம்பி. அந்த முனை டவர், இந்த முனை நாங்கள். வேறு யாரும் அதில் நுழைய முடியாது. அது அடித்தால் ஒரு முறை உண்டு. யார், என்ன, ஏன் என்று கேட்கக் கூடாது. அவர்கள் இடத்தைச் சொல்வார்கள். நாம் அந்த இடத்தைத் திருப்பிச் சொல்லி, "வர்றோம்" என்று முடிக்க வேண்டும். அவர்கள் "சரி" என்றால் வண்டி கிளம்பிவிட வேண்டும். தினமும் காலையில் இதற்கு ஒத்திகை. சொல்லிச் சொல்லி எனக்கு இது நாக்கில் ஊறிப் போனது. மனைவி போன் செய்து "பஸ் ஸ்டாப்புக்கு வாங்க" என்றால், "பஸ் ஸ்டாப். வர்றோம்" என்பேன். "கூட யாரை அழைச்சிட்டு வர்றீங்க?" என்று அவள் கிண்டல் செய்வாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலையிலிருந்து மழை. கடைசி விமானம் ஆறே காலுக்குக் கிளம்பியது. ஏழு மணிக்கு டவரைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் மட்டும் எட்டு வரை இருக்க வேண்டும். ஏன் என்று எவருக்கும் தெரியாது, அது அந்தக் காலத்து விதி.

ஏழு இருபது. கூரையிலிருந்து வாளியில் சொட்டிய தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

ட்ரிங்... ட்ரிங்...

சிவப்பு போன்.

எடுத்தேன். ஆண் குரல். மூச்சு வாங்கியது.

"மூணாவது கேட்... தண்ணி ஏறுது... சீக்கிரம் வாங்க..."

"மூணாவது கேட். வர்றோம்" என்றது என் வாய்.

"சரி..."

வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிழவி இருமிக் கிளம்பிய பிறகுதான் ஹாரன் திரும்பிப் பார்த்தான்.

"எந்த கேட்?"

"மூணாவது."

"மூணாவதா? இருக்கிறதே ரெண்டுதானேடா!"

இருந்தாலும் போனோம். மதிலைச் சுற்றினோம். சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, ரன்வே ஓரத்துப் பள்ளம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு தவளைதான் இருந்தது. திரும்பி வரும்போது அண்ணாந்து டவரைப் பார்த்தேன். விளக்கு இல்லை. கதவில் பூட்டு தொங்கியது.

மறுநாள் காலை எங்கள் அதிகாரி என்னை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "பூட்டின டவர்லேருந்து யாருய்யா போன் பண்ணுவா? உன் மாமனாரா? இன்னொரு தடவை சும்மா வண்டியை எடுத்தே, புது இடத்துக்குப் போற ஆளுங்கள்ல உன் பேர் இருக்காது." சரி, போன் லைனையாவது ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் தயாராக இருந்தேன். யாரோ விளையாடுகிறார்கள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஏழு மணிக்கே ஹாரனை டவர் வாசலில் நிறுத்தினேன். நான் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏழு இருபது.

ட்ரிங்...

ஜன்னல் வழியாக டார்ச்சை ஆட்டினேன். தூரத்தில் ஹாரன் டவர் கதவைப் பிடித்து உலுக்குவது தெரிந்தது. பூட்டு அப்படியே இருந்தது. மேலே ஒரே இருட்டு.

"யாரு பேசறது? இங்க ரெண்டு கேட்தான் இருக்கு!"

"மூணாவது கேட்... கழுத்து வரைக்கும் வந்துடுச்சு..."

"அது எங்கய்யா இருக்கு? ஊர் பேரையாவது சொல்லு!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும். அதன் நடுவே இன்னொரு சத்தம். ஈரச் சுவரில் கை வைத்து ஏறப் பார்த்து, வழுக்கி, மறுபடி கை வைக்கிற சத்தம்...

"நீங்கதானே வர்றோம்னு சொன்னீங்க?"

விளையாடுகிறவன் குரல் இல்லை அது. இங்கே வருவதற்கு முன் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் இருந்தபோது எத்தனையோ பேரைக் கிணற்றிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் தூக்கியிருக்கிறேன். சாகப் போகிறவன் குரல் எனக்குத் தெரியும்.

"மூணாவது கேட். வர்றோம்" என்றேன் மறுபடியும்.

எங்கே போவது? பூட்ஸ், வண்டி, தண்ணீர், கயிறு எல்லாம் இருக்கிறது. போக இடம் இல்லை. எங்கோ ஒருவன் மூழ்குகிறான், நான் இங்கே காய்ந்த தரையில் நின்றுகொண்டு வாளியை எட்டி உதைக்கிறேன். இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இல்லாத கேட்டைத் தேடி எதுக்கு அலையறீங்க?" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். "ஏங்க, அந்தப் புது ஏர்போர்ட்ல எத்தனை கேட்?"

சோற்றில் வைத்த கை காய்ந்துபோக, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. சாயங்காலம் மழையோடு மழையாகப் பைக்கை எடுத்தேன். ஆறரைக்குப் புது இடத்தில் இருந்தேன். தகர வேலி முடிவில்லாமல் போனது. முதல் கேட்டில் சூப்பர்வைசரின் ஷெட். இரண்டாவது பூட்டியிருந்தது. மதிலின் கடைசிக்குப் போனால், பெயிண்ட் வாசனை போகாத ஒரு கேட். பலகையில் "3" என்று எழுதியிருந்தது. பலகை மாட்டி ஒரு வாரம்கூட இருக்காது.

உள்ளே ஒரு காவல் கூண்டு. குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாட்ச்மேன். ஐம்பது வயதிருக்கும்.

"யாரு சார்?"

இரண்டே வார்த்தைதான்.

அதே குரல்.

பயம் ஒரு நொடிதான். அடுத்த நொடி கோபம் பொங்கியது. "நீதானா அது? ரெண்டு நாளா போன் பண்ணி என் உசிரை வாங்கறது?"

"எந்த போன் சார்?" அவர் தன் செல்போனை எடுத்துக் காட்டினார். செத்துக் கிடந்தது. "கூண்டுக்குக் கரண்டே இல்ல. சார்ஜ் எங்க போடறது? கேட்டா, அதான் எல்லாம் புதுசா வரப்போகுதேங்கறாங்க. சூப்பர்வைசர்கிட்ட பேச இது ஒண்ணுதான்." ஒரு பழைய வாக்கி-டாக்கியைத் தட்டிக் காட்டினார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது. நானும் அவரும் ஒரே சட்டியில்தான் வேகிறோம். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். போனில் நான் கேட்டது அவர் குரலைத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

"இங்க தண்ணி எங்கயாவது தேங்குதாண்ணே?"

"தேங்குதாவா? வாங்க, உங்க சொத்தைக் காட்டறேன்."

கேட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு குழி. இரண்டு ஆள் ஆழம். சுவர் கட்டாத வெறும் மண். பாதிக்கு மேல் மழைத் தண்ணீர். சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் ரிப்பன், அவ்வளவுதான் வேலி.

"ஃபயர் சர்வீஸ் தொட்டி சார். தீப்பிடிச்சா அணைக்க உங்களுக்குத்தான் கட்டறாங்க. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா, மழை வந்து வேலை நின்னுபோச்சு. ரெண்டு வாரமா கம்பி வேலி கேட்கறேன்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர். மழை விழுந்த குமிழிகள். யாரும் இல்லை. பக்கத்திலேயே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு எங்கள் புது வண்டி நின்றது. ஏணி, கயிறு, விளக்கு எல்லாம் அதில் இருக்கிறது. சாவி எங்கள் அதிகாரியின் மேஜையில் இருக்கிறது.

"அண்ணே, இந்தக் குழி பக்கம் போகாதீங்க. என்ன சத்தம் கேட்டாலும் போகாதீங்க."

சிரித்தார். "நான் எதுக்கு சார் போறேன்? எனக்கு நீச்சலே தெரியாது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன?"

ஏழு மணிக்குக் கிளம்பினேன். மனம் லேசாக இருந்தது. கேட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், குழியைப் பார்த்துவிட்டேன், உள்ளே யாரும் இல்லை, ஆளையும் எச்சரித்தாயிற்று. வேறென்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து, எட்டரைக்கு ஹாரனுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அவனும் இன்னொரு வீரனும் டூட்டி.

"இன்னைக்கு அடிச்சுதா?"

"இல்லடா. எட்டு வரைக்கும் அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவே இல்ல."

அப்பாடா என்று தூங்கினேன்.

வியாழக்கிழமை. மறுபடி என் டூட்டி. மழை விடவில்லை.

ஏழு இருபது.

ட்ரிங்...

எடுத்தேன்.

தண்ணீர்ச் சத்தம் இல்லை. மூச்சு வாங்கவும் இல்லை. மழைச்சத்தம்கூட இல்லை. அவ்வளவு அமைதி.

அதே குரல். நிதானமாக...

"வந்தீங்களே..."

போனைக் காதோடு அழுத்தினேன்.

"ஏன் போயிட்டீங்க?"

போனை வைத்தேனா, போட்டேனா தெரியாது. "வண்டியை எடு" என்று கத்தினேன்.

"எங்க?"

"புதுசுக்கு!"

ஹாரன் என் முகத்தைப் பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். வழியில் அதிகாரிக்குப் போன் போட்டேன். "எல்லை தாண்டி வண்டி போகக் கூடாது, திருப்பு!" என்று கத்தினார். போனை அணைத்துப் பையில் போட்டேன்.

மேட்டில் கிழவி திணறினாள். நடந்து போனால்கூட முந்திவிடலாம் போல இருந்தது. ஆளே இல்லாத ரோட்டில் ஹாரன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தான்.

கூண்டு காலி.

நாற்காலி இருந்தது. குடை இருந்தது. வாக்கி-டாக்கி சேற்றில் கிடந்தது.

ரிப்பன் அறுந்திருந்தது.

டார்ச் அடித்தேன். தண்ணீரில் ஒரு செருப்பு.

எங்கள் ஏணி எட்டவில்லை. ஹாரன் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டே ஓடினான். தார்ப்பாயைக் கத்தியால் கிழித்து, புது வண்டியின் ஏணியைக் கழற்றிக்கொண்டு வந்தான். அந்த வண்டி செய்த முதல் வேலை அதுதான். இறங்கினேன். கழுத்து வரை தண்ணீரில், ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். காலால் துழாவினேன்.

தட்டுப்பட்டது.

தூக்கும்போதே தெரிந்துவிட்டது. உடல் கட்டை மாதிரி விறைத்திருந்தது. இப்போது விழுந்த உடல் இல்லை அது.

விரல் நகங்கள் முழுக்க மண்.

டாக்டரும் அதைத்தான் சொன்னார். செத்துக் குறைந்தது இருபது மணி நேரம் ஆகிறது. அதாவது புதன்கிழமை இரவே. நான் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில். அப்படியென்றால் திங்களும் செவ்வாயும் அவர் உயிரோடு இருந்தார், கூண்டில் குடையோடு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டது எதை? வியாழக்கிழமை என்னிடம் பேசியது யார்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

இதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் புது இடத்துச் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். நான் இன்னார் என்று யாரோ சொன்னதும் எழுந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் சரியில்லை.

"புதன்கிழமை பைக்ல வந்த ஃபயர்காரர் நீங்கதானா?"

"ஆமா."

"உங்களுக்கு... ஒண்ணும் ஆகலையா?"

"எனக்கு என்ன ஆகணும்?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு ஏழு இருபது இருக்கும். வாட்ச்மேன் வாக்கி-டாக்கியில கூப்பிட்டான். நீங்க குழிக்குள்ள விழுந்துட்டீங்கன்னான்."

"நானா? நான் அப்ப பாதி வழியில போயிட்டிருந்தேன்!"

"உள்ளேருந்து நீங்க கத்தறீங்கன்னான். ஆள் அனுப்பறேன், கிட்ட போகாதேன்னேன். 'கையை நீட்டறார் சார், பாவம்'னான். அப்புறம் பேச்சே இல்ல. நான் ஓடி வந்து குழியில டார்ச் அடிச்சுப் பார்த்தேன், வெறும் கலங்கல் தண்ணி. அவனும் இல்ல, உங்க பைக்கும் இல்ல. குடிச்சிட்டு உளறிட்டு வீட்டுக்குப் போயிட்டான்னு நினைச்சேன்."

"குடிச்சிட்டுத்தான் உளறியிருப்பார்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"நானும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கறேன்" என்றார். "ஆனா அவன் பேசும்போது பின்னாடி அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு சார். இப்ப நீங்க பேசறீங்களே, இதே குரல்."

"என்ன கத்தினேன்?"

"ஒரே வார்த்தைதான், திரும்பத் திரும்ப. 'மூணாவது கேட். வர்றோம். மூணாவது கேட். வர்றோம்.'"

புது விமான நிலையம் இன்னும் திறக்கவில்லை. திறப்பு விழாவை மறுபடி தள்ளி வைத்திருக்கிறார்கள். சிவப்பு போன் அதே இடத்தில்தான் இருக்கிறது. காலை ஒத்திகையில் டவர் இடத்தைச் சொன்னால் நான் "சரி" என்று மட்டும் சொல்கிறேன். திருப்பிச் சொல்லாததற்கு அதிகாரி இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். கொடுக்கட்டும். மனைவி பஸ் ஸ்டாப்புக்குக் கூப்பிட்டால்கூட அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை. பேசாமல் போய் நிற்கிறேன்.